வேலை தெரிந்த நாவல்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அண்மையில் படித்த நாவல்கள்' என்று தலைப்புக் கொடுத்து அரைமணி நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் தமிழ் இலக்கியம் படித்தவன் இல்லை. இந்தக் கல்லூரியில் பி.காம். அதற்குப் பிறகு முப்பத்து நான்கு வருஷம் வங்கி உத்தியோகம். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவு. ஆகவே உத்தி, படிமம், கட்டமைப்பு என்றெல்லாம் எனக்குப் பேச வராது. ஓய்வு பெற்றதிலிருந்து வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து நாவல் படிக்கிறேன். புதுசும் உண்டு, பழசைத் திரும்பப் படிப்பதும் உண்டு. சரித்திரக் கதை, துப்பறியும் கதை, விஞ்ஞானக் கதை, பரிசு வாங்கிய நாவல் என்று எதையும் ஒதுக்குவதில்லை. அப்படி இந்த ஒன்றிரண்டு வருஷத்தில் படித்தவற்றைப் பற்றி ஒரு வாசகனாக என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

கடன் விண்ணப்பம் வந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலில் விதி. கிணறு ஆழப்படுத்தக் கடன் என்றால் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். கறவை மாட்டுக் கடன் என்றால் மாட்டுக்குப் பல் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் நாவல் படிக்கும்போதும் என்னை விட்டுப் போவதில்லை. கதையில் வருகிற ஆள் என்ன வேலை செய்கிறான், அந்த வேலை எழுதியவருக்குத் தெரியுமா, அதற்கு என்ன கூலி, அது யார் கையிலிருந்து எப்படி வந்து சேருகிறது என்று பார்க்கிறேன். இந்த விஷயம் சரியாக இருந்தால் மற்றக் குறைகளை நான் மன்னித்துவிடுவேன். இது சரியில்லை என்றால் நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் மனசு ஒட்ட மாட்டேன் என்கிறது. குடும்ப நாவல்களில் பாதிக்குப் பாதி கதாநாயகன் ஒரு கம்பெனி முதலாளியாக இருக்கிறான். அந்தக் கம்பெனி என்னதான் தயாரிக்கிறது என்று கடைசிப் பக்கம் வரை சொல்வதில்லை. அவனும் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறான். அந்த வகையைப் பற்றி இதற்கு மேல் பேசப் போவதில்லை.

'பொன்னியின் செல்வன்' எப்படித் தொடங்குகிறது என்று இங்கே பலருக்கு மனப்பாடமாகவே தெரியும். 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த தொடர். 2022-லும் 2023-லும் சினிமாவாக வந்தபோது என் பேரப்பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டதால் ஐந்து பாகத்தையும் மறுபடி படித்தேன். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரை மேல் வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறான். எழுபத்து நான்கு மதகு, அத்தனையிலும் தண்ணீர் பாய்கிறது, கரையில் சனங்கள் கூடிச் சித்திரான்னம் சாப்பிடுகிறார்கள். மனசு நிறைந்து போகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஓட்டம் குறையவில்லை. கல்கிக்கு நிகர் கல்கிதான்.

அதை முடித்த கையோடு சோ. தர்மன் எழுதிய 'சூல்' படித்தேன். 2016-ல் வந்த நாவல், 2019-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதுவும் ஒரு நீர்நிலையைப் பற்றியதுதான். உருளைக்குடி என்ற கரிசல் கிராமத்துக் கண்மாய். ஆனால் இங்கே ஏரியைப் பார்க்கிறவன் குதிரை வீரன் இல்லை, மடையைத் திறந்து மூடுகிற நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, வண்டல் எப்போது எடுப்பது, வெள்ளம் வந்தால் கரையை எங்கே காப்பது என்பதெல்லாம் அவன் பொறுப்பு. கல்கியின் எழுபத்து நான்கு மதகிலும் அப்படி ஓர் ஆள் நின்றிருக்கத்தானே வேண்டும்? அவன் ராத்திரி எங்கே படுத்தான், நெல்லில் அவனுக்கு எத்தனை மரக்கால் கொடுத்தார்கள் என்று அங்கே கேட்க முடியாது. குதிரை போய்விடுகிறது. கல்கியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சொல்ல வந்த கதை வேறு. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது, ஒரே தண்ணீரைக் கரையில் நின்று பார்ப்பது வேறு, மடைக்குள் இறங்கிப் பார்ப்பது வேறு என்று தெரிந்தது.

'சூல்' குறையில்லாத நாவல் என்று சொல்ல மாட்டேன். சுதந்திரத்துக்குப் பிறகு கண்மாய் ஊர்க்காரர்கள் கையை விட்டு அரசாங்கத்துக்குப் போய்ச் சீரழிவதைச் சொல்லும் பகுதியில், கதையை நிறுத்திவிட்டு ஆசிரியரே மேடையேறிப் பேசுகிற மாதிரி இருக்கிறது. அவர் கோபம் நியாயமானது. கடன் வசூலுக்குப் போகிறபோது எத்தனையோ கண்மாய்களில் கருவேலமரக் காட்டை நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் கோபத்தைப் பாத்திரங்கள் வாயிலாக விட்டிருக்கலாம்.

அடுத்து கடல். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-ல் வந்தது. ஆமந்துறை என்ற பரதவர் கிராமத்தில் 1933 முதல் 1985 வரை நடக்கிற கதை. முதல் ஐம்பது பக்கம் எனக்கு மூச்சு முட்டியது. சொல்லுக்குச் சொல் கடற்கரைத் தமிழ். காற்றுக்கே வாடை, கோடை, கொண்டல், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர். அதெல்லாம் இலக்கணப் புத்தகத்தில் நாம் படித்ததுதான். ஆனால் எந்தக் காற்று அடித்தால் மரத்தைத் தள்ளலாம், எது அடித்தால் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று தெரிந்தவன் பேசும்போது அந்தச் சொல் வேறு சொல்லாகிவிடுகிறது. வட்டார வழக்குப் புரியவில்லை என்று புத்தகத்தை மூடிவிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். எங்கள் வீட்டில் கரிசல் நாவல் என்றால் வாசிக்கிற பொறுப்பு என் மனைவிக்கு. அவள் கோவில்பட்டிப் பக்கம். "இதுல என்ன புரியலைங்கிறீங்க, எங்க பெரியப்பா இப்படித்தானே பேசுவாங்க" என்பாள்.

அவள் வாசிக்கக் கேட்டதுதான் பூமணியின் 'வெக்கை'. 1982-ல் வந்த சின்ன நாவல். இதிலிருந்துதான் 2019-ல் 'அசுரன்' படம் எடுத்தார்கள். படம் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். படத்தில் அப்பாவுக்கு ஒரு பெரிய பழங்கதை சேர்த்திருக்கிறார்கள். நாவலின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பதினைந்து வயசுப் பையன், அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். அப்பாவும் கூடச் சேர்ந்து காட்டிலும் மலையிலுமாக ஒளிந்து திரிகிறார்கள். அவ்வளவுதான் கதை. பஸ் நிலையக் கடையில் தொங்கும் மாத நாவல்கள் நானும் நிறையப் படிக்கிறவன்தான். அவற்றில் கொலை நடந்ததும் ஜீப் வரும், இன்ஸ்பெக்டர் வருவார், ரேகை எடுப்பார்கள். இதில் அடுத்த வேளைச் சோறு எங்கே, தண்ணீர் எங்கே, ராத்திரி எங்கே படுப்பது என்பதுதான் பிரச்சினை. காட்டை அறிந்த சம்சாரி என்பதால்தான் அந்த அப்பாவால் மகனைக் காப்பாற்றிக் கூட்டிப் போக முடிகிறது. நான் படித்த குற்றக் கதைகளிலேயே இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். முடிவைச் சொல்லப் போவதில்லை.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1994-ல் வெளிவந்தது. ஆரோக்கியம் என்ற பெண், அவள் கணவன் சவுரி, பிள்ளைகள். காலனி மக்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற குடும்பம். துணி வெளுப்பது மட்டும் இல்லை. பிரசவம் பார்ப்பது, சாவு வீட்டு வேலை, எல்லாம் அவள் தலையில். இத்தனைக்கும் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ராத்திரி வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்க வேண்டும். அறுவடை சமயத்தில் களத்துமேட்டுக்குப் போய் நின்று, கொடுக்கிறதை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுப்பவர்களும் கூலி வேலை செய்து பிழைக்கிற ஏழைகள்தான். அதனால் கை குறுகிக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு டவுனில் சலவைக் கடை வருகிறது, தையல் மெஷின் வருகிறது, காலம் மாறுகிறது. ஆரோக்கியம் மட்டும் பழைய கணக்கையே நம்பிக்கொண்டு, "நான் உங்க வண்ணாத்திதானே" என்ற உரிமையில் போய் நிற்கிறாள். ஒரு மகனைச் சாமியார் படிப்புக்கு அனுப்ப வேண்டும் என்று வேறு ஆசை.

இந்த நாவல் வெளிவந்த காலத்தில் பெரிய விவாதம் நடந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களுக்கும் கீழே ஒரு குடும்பத்தை வைத்திருந்ததாகக் காட்டலாமா, இது எதிரிகளுக்கு உதவாதா என்று கேட்டவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியத்துக்குக் கிடைக்கிற சோற்றின் அளவை இவ்வளவு கவனமாக எழுதிய ஒருவர் யாரையும் இழிவுபடுத்த எழுதியிருக்க முடியாது. உபகாரம் மாதிரி கொடுக்கப்படுவது உண்மையில் கொடுக்கப்படாத கூலி என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறார். 'சாதியைப் பற்றியே எழுதுகிறார்களே' என்று சலித்துக்கொள்கிற நண்பர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். நம் ஊரில் தொழிலைச் சாதியோடு கட்டி வைத்திருந்தார்கள். தொழிலை உள்ளபடி எழுதினால் சாதி வராமல் எப்படி இருக்கும்? 2023-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பத்துக் கதை. காரு மாமாவின் சாவுக்கு வந்து கூடுகிற உறவுகளைப் பற்றியது. அதையும் இதையும் சேர்த்துப் படித்தால் நான் சொல்வது விளங்கும். அளவில் சிறியதுதான், ஆனால் கனமானது.

இனிக் கொஞ்சம் லேசான விஷயம். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', 2011-ல் சாகித்திய அகாதெமி பரிசு. ஆயிரம் பக்கத்துக்கு மேல். படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சில் விழுந்து காயம் படும், உட்கார்ந்தே படியுங்கள். மதுரையின் அறுநூறு வருஷக் கதையைச் சொல்கிறது. ராஜாக்களும் கலெக்டர்களும் வருகிற பக்கங்களில் எனக்குத் தூக்கம் வந்தது உண்மை. ஆனால் களவு வருகிற இடங்கள் இருக்கின்றனவே, அடேயப்பா! கன்னம் வைப்பதும் இருட்டில் கால் வைப்பதும் ஒரு தொழில்நுட்பமாகவே வருகின்றன. திருட்டும் வேலைதான், காவலும் வேலைதான், இரண்டையும் ஒரே ஆட்கள் செய்தார்கள் என்பதைச் சரித்திரப் பாடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வங்கியில் பெட்டகச் சாவி வைத்திருந்தவன் என்பதால் கூடுதல் ஈடுபாட்டோடு படித்தேன்.

விஞ்ஞானக் கதைக்குச் சுஜாதாவை விட்டால் யார்? 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, 2020-களில் நடக்கிற கதை என்று வாய் பிளந்து படித்தோம். இப்போது அந்த வருஷங்களே வந்து போய்விட்டன. சர்வாதிகாரி ஜீவாவும் வரவில்லை, பிள்ளை பெற அரசாங்க அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் புத்தகம் படித்துப் படித்துத் தானாக யோசிக்கப் பழகிக்கொள்கிற இயந்திர நாய் ஜீனோவை இப்போது படித்தால் சிரிப்போடு கொஞ்சம் பயமும் வருகிறது. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர். இயந்திரம் அவருக்கு அன்றாட வேலை, அதனால்தான் ஜீனோ பொம்மையாகத் தெரிவதில்லை. 'கொலையுதிர் காலம்' நாவலில் கணேஷும் வசந்தும் ஒரு சொத்து விவகாரமாகப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வந்தது பேயா, விஞ்ஞானமா என்று கடைசி வரை இழுக்கிறார். நாலாவது தடவையாகப் படித்தும் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

இந்த வருஷம் என்னை அதிகமாகப் பிடித்து வைத்திருந்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972-ல் நூலாக வந்தது. ஆசிரியர் 1938-ல் இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல். 1997-ல் காலமானார். கதாநாயகன் பாண்டியன் மெடானிலும் பினாங்கிலும் யுத்த காலத்தில் சுற்றுகிற கதை. ஜப்பான்காரன் வருகிறான், நேதாஜியின் படை வருகிறது, உளவு, சண்டை, கடல் பயணம் எல்லாம் உண்டு. சாகசக் கதை வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய சாகசம் தமிழில் இல்லை.

ஆனால் என்னைப் பிடித்தது சண்டை இல்லை. வட்டிக்கடை! முதலாளி ஊரில் இருப்பார், கடையை நடத்த மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். ஒரே கூரையின் கீழ் கடை, சமையல், படுக்கை. கணக்கில் ஒரு காசு உதைத்தால் ராத்திரி தூக்கம் கிடையாது. எங்கள் வங்கிகளில் கணக்கு ஒப்பாமல் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்த அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி எங்கேயோ மெடான் தெருவில் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. எத்தனையோ ஆயிரம் பேர் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கப்பலேறிப் போய் அப்படிக் கணக்கு எழுதினார்கள். அந்த வாழ்க்கையை உள்ளே இருந்து எழுதி வைத்தவர் இவர். தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களைக் கேலி செய்யும் உரையாடல்களும் உண்டு. தமிழ் மன்றத்தில் பேசுகிற மாணவர்கள் ஒரு தடவை தைரியமாகப் படித்துப் பாருங்கள். பெண்களை எழுதியதில் இந்த நாவல் மிகவும் பலவீனம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வருகிறார்கள், போகிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தத் தொழிலில் பிறந்தவர்கள்தான் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. ராஜம் கிருஷ்ணனைப் படியுங்கள். 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. அவர் உப்பளத்தில் பிறந்தவர் இல்லை. நேரில் போய்ப் பார்த்து, பேசி, கேட்டு எழுதுவது அவர் வழக்கம். பொன்னாச்சி என்ற பெண் அளத்து வேலைக்குப் போகிறாள். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசுவதும், உப்புத் தண்ணீரில் கால் புண்ணாவதும், கங்காணியின் பார்வையும் படிக்கிறபோதே நமக்கு எரிகின்றன. ஆக, நேரில் போய்ப் பார்த்தால் வெளியாளுக்கும் கைகூடும். எங்கள் கடன் பிரிவில் சேர்த்திருந்தால் அம்மையார் எங்களையெல்லாம் மிஞ்சியிருப்பார்.

மாணவர்களே, உங்களுக்கென்று ஒரு விஷயம். நான் பேர் சொன்ன எழுத்தாளர்கள் என்ன வேலை பார்த்தவர்கள் என்று பாருங்கள். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. இமையம் பள்ளி ஆசிரியர். சோ. தர்மன் பஞ்சாலைத் தொழிலாளி. ஜோ டி குரூஸ் கப்பல் போக்குவரத்துத் துறை. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எழுதிய தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வியாபாரம் செய்தவர். இந்தக் கல்லூரியில் வேதியியலும் வணிகவியலும் படிக்கிற நீங்கள், எழுத்து என்பது தமிழ்த் துறைக்காரர்கள் விஷயம் என்று ஒதுங்க வேண்டியதில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு வரை போய்ப் போர் போடுகின்றன. பையன்கள் மாசக்கணக்கில் அந்த வண்டியிலேயே சமைத்து, அந்த வண்டியடியிலேயே படுக்கிறார்கள். அந்த இரைச்சலையும் புழுதியையும் வைத்து ஒரு நாவல் வர வேண்டாமா? எங்கள் நகைக்கடன் கவுன்ட்டர் ஒன்று போதும், ஐந்து நாவல் எழுதலாம். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் வந்து நிற்கிற அம்மாக்கள், உரைகல்லில் தேய்த்துவிட்டு மதிப்பீட்டாளர் தலையை நிமிர்த்துகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார்கள். உங்களில் யாருடைய அம்மாவாவது அந்த வரிசையில் நின்றிருக்கலாம். உங்கள் வீட்டில் என்ன தொழில் நடக்கிறது, என்ன கூலி வருகிறது, எந்தச் சொல்லால் அதைப் பேசுகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இங்கே மூன்று வருஷம் படித்துவிட்டு வேறு ஊருக்கு உத்தியோகம் போனதும் முதலில் மறப்பது அந்தச் சொற்களைத்தான். இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாவல் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நான் பேசிய புத்தகங்களில் பெரும்பாலானவற்றை நம் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். நூலகர் அட்டை போட்டு வைத்துவிட்டார். முதலில் 'வெக்கை' எடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். 'ஆழி சூழ் உலகு' விடுமுறைக்கு. 'காவல் கோட்டம்' மட்டும் கொடுக்க முடியவில்லை. நண்பர் ஒருவர் வாங்கிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வங்கி வழக்கில் சொன்னால் அது இப்போது வாராக் கடன். அவர் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், பேர் சொல்ல மாட்டேன்.